கருவிலேயே அழைக்கப்பட்டவர் மறுத்துப் பேசலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. மின்வாரியத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. “இந்தப் பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்” என்று அம்மா பொருத்தனை செய்திருக்கிறார். இப்போது வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரியில் சேரச் சொல்கிறார். விண்ணப்பம்கூட வாங்கி வைத்துவிட்டார். தயங்கினால் வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திறந்து முதல் அதிகாரத்தைக் காட்டுகிறார். சென்ற ஆண்டு பைக்கிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது, “யோனாவுக்கு மீன், உனக்கு இது” என்றார். எனக்கு விசுவாசம் உண்டு, போதகராகும் விருப்பம்தான் இல்லை. தேவன் முன்பே தீர்மானித்துவிட்டால் மனிதன் மறுக்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, அம்மா காட்டுவது லேசான வசனம் அல்ல. “நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்” என்று சொல்லித்தான் கர்த்தர் எரேமியாவைத் தீர்க்கதரிசியாக நியமிக்கிறார். அதைத் தட்டிக்கழிக்க உங்களுக்கு வழி சொல்லித்தர மாட்டேன். ஆனால் அம்மா ஐந்தாம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார் போலிருக்கிறது. ஆறாம் வசனத்திலேயே எரேமியா, “நான் பேச அறியேன், சிறுபிள்ளையாயிருக்கிறேன்” என்று பின்வாங்குகிறார். கருவிலேயே குறிக்கப்பட்டவர் வாய் திறந்து பேசிய முதல் பேச்சே மறுப்புதான்.

அத்தோடு அவர் அடங்கிவிடவும் இல்லை. இருபதாம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஆலயத்தின் பிரதான விசாரணைக்காரனான பஸ்கூர் என்ற ஆசாரியன் அவரை அடித்துத் தொழுமரத்தில், அதாவது ஆளைப் பூட்டிவைக்கும் தண்டனை மரத்தில், மாட்டிவிட்டான். மறுநாள்தான் விடுதலை. அதன் பிறகு எரேமியா தேவனை நோக்கியே குமுறுகிறார்: “கர்த்தாவே, என்னை இணங்கப்பண்ணினீர், நான் இணங்கினேன்.” இனி உம்முடைய பெயரில் பேசவே மாட்டேன் என்று முடிவு செய்கிறார். முடியவில்லை, அந்த வார்த்தை எலும்புகளுக்குள் அடைபட்ட நெருப்பாக எரிந்தது என்கிறார். சில வரிகள் தாண்டினால் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். எந்தப் பிறப்பைக் காட்டி அழைக்கப்பட்டாரோ, அந்தப் பிறப்பையே! அதற்காகத் தேவன் அவரை நீக்கிவிட்டு வேறு ஆளை வைக்கவில்லை. அந்தப் புலம்பல் வேதத்தில் அப்படியே இருக்கிறது.

எனக்கு இன்னும் பிடித்த இடம் நாற்பதாம் அதிகாரம். கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்துவிட்டது. சிறைப்பட்டவர்களோடு ராமா வரை விலங்கோடு கொண்டுபோகப்பட்ட எரேமியாவை பாபிலோனின் காவற்சேனாபதி நேபுசராதான் அவிழ்த்துவிட்டு, “என்னோடு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், விருப்பமில்லையென்றால் இந்தத் தேசம் முழுவதும் உமக்கு முன் இருக்கிறது” என்கிறான். எரேமியா பாழாய்ப்போன நாட்டில் எஞ்சிய ஏழைகளோடு வாழ மிஸ்பாவுக்குப் போனார். எங்கே போக வேண்டும் என்று தேவன் சொன்னதாக அங்கே ஒரு வரியும் இல்லை. வாழ்நாள் முழுவதும் கட்டளைக்கு உட்பட்டிருந்தவர் அந்த இடத்தில் தாமே தேர்ந்துகொள்கிறார்.

முன்குறித்தலா (தேவன் முன்பே தீர்மானித்துவிடுவதா), மனித சித்தமா என்ற வழக்கு பழையது. ஆதிச் சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் காலத்திலேயே வாதாடினார்கள். 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் இதற்காகவே ஒரு சபைச் சங்கம் கூடியது. நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். முன்குறித்தலை உரக்கச் சொன்ன வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் (1646), அதனால் மனிதனுடைய சித்தத்துக்குப் பலவந்தம் நேர்வதில்லை என்று அதே பத்தியில் சொல்லிவிடுகிறது.

உண்மையில் உங்கள் வீட்டுச் சிக்கல் அதுவும் அல்ல. எரேமியாவிடம் சொல்லப்பட்டது எரேமியாவிடம்தான் சொல்லப்பட்டது, அவர் தகப்பன் இல்க்கியாவிடம் அல்ல. சொந்த ஊரான ஆனதோத்தின் ஆட்கள் அவரைப் பேசக் கூடாது என்று மிரட்டிக் கொல்லவும் பார்த்தார்கள். உங்கள் வீட்டில் தலைகீழ்: அம்மாவுக்கு அழைப்பு கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லை.

அன்னாள் சாமுவேலைப் பொருத்தனை செய்தாளே என்பார் அம்மா. செய்தாள், பிள்ளையை சீலோவில் ஆசாரியன் ஏலியிடம் கொண்டுபோய் விட்டாள். ஆனால் இரவில் தேவனுடைய குரல் கேட்டது சாமுவேலுக்கு. ஏலிக்கே அது மூன்றாம் முறைதான் புரிந்தது. பதிலையும் பிள்ளையே சொல்ல வேண்டியிருந்தது. அதே சாமுவேல் முதுமையில் தம் பிள்ளைகளை பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள். பெற்றவர் பார்த்துக் கொடுத்த பொறுப்பு அப்படி முடிந்தது.

யோனாவைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நினிவேக்குப் போய்ப் பிரசங்கி என்ற கட்டளை யோனாவுக்குச் சந்தேகமறத் தெரியும். தெரிந்தேதான் யோப்பாவில் கூலி கொடுத்துத் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினார். புயல் கர்த்தர் அனுப்பியதுதான், மறுக்கவில்லை. மீனோ, கடலில் எறியப்பட்டவரை மூழ்காமல் காத்துக் கரையில் விட்டது. நினிவேக்குப் போன பிறகும் அவர் மனம் மாறியதாகத் தெரியவில்லை. தேவன் அவரிடம் கேட்கும் கேள்வியோடு புத்தகம் முடிகிறது, அவர் பதில் எழுதப்படவில்லை. இதில் பைக் விபத்துக்கு இடம் எங்கே?

அம்மாவின் பயத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். நீங்கள் பிரசங்கம் செய்வதைவிட, கொடுத்த வாக்கு தவறினால் மூன்றாவதையும் இழந்துவிடுவோமோ என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருக்கும் என்பது என் ஊகம். அவரிடம் எரேமியாவை வைத்து வாதாட வேண்டாம். லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். ஒருவரைக் கர்த்தருக்கென்று பொருத்தனை செய்தால், அவருக்கு ஈடாக வெள்ளி செலுத்த நியாயப்பிரமாணமே வழி வைத்தது. 20 முதல் 60 வயது வரையிலான ஆணுக்கு 50 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளி. அவ்வளவு திராணியில்லாத ஏழைக்கு ஆசாரியன் குறைத்து மதிப்பிட வேண்டும். அந்தச் சட்டம் இன்று நம்மைக் கட்டுகிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இப்படி ஒரு நிலை வரும் என்று வேதத்துக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

பிறகு இருவருமாகப் போதகரைப் பாருங்கள். அம்மாவின் பொருத்தனையை ஒரு காணிக்கையோடும் ஜெபத்தோடும் நிறைவேற்றிவைக்க அவரால் முடியும். அதுவரை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்; கிழிக்கவும் வேண்டாம். போதகர் அம்மா பக்கம் பேசினால்? தாராளமாகப் பேசட்டும், எரேமியா இருபதாம் அதிகாரத்தைக் கடைசி வரை வாசித்துவிட்டு.