ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒன்றும் வருவதில்லையே?

கேள்வி: பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். ஓர் ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆவணங்களை அழித்துவிட்டார்களா?
– ஒரு மாணவர், உசிலம்பட்டி

பதில்: அந்த முடிவுக்கு அதற்குள் வந்துவிடாதீர்கள், தம்பி. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து இன்றுவரை என்னிடம் வரும் ஆய்வு மாணவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் போகிறார்கள். வெற்றுத் திரையைப் பார்த்ததும், நம் ஊருக்கு வரலாறே எழுதப்படவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எழுதப்பட்டிருக்கிறது. வேறு தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

இணையப் பட்டியல், கோப்புக்குள் இருக்கும் காகிதங்களைப் படிப்பதில்லை. கோப்பின் மேல் ஒரு குமாஸ்தா எழுதிவைத்த தலைப்பு வரி, துறை, எண், தேதி இவ்வளவைத்தான் பெரும்பாலும் படிக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று, சில சமூகத்தினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்த கள்ளர் சமூக மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஆனால் கோட்டையில் உட்கார்ந்து தலைப்பு எழுதியவருக்கு அது மதுரை ஜில்லாவில் அந்தச் சட்டத்தை அமலாக்கும்போது எழுந்த ஒரு கலகம், அவ்வளவுதான். ஊர்ப் பெயர் உள்ளே நாலாவது பக்கத்தில் கிடக்கும், தலைப்பில் இருக்காது. அதனால் சட்டத்தின் ஆங்கிலப் பெயரான 'கிரிமினல் டிரைப்ஸ் ஆக்ட்' என்பதைப் போட்டுத் தேடுங்கள். 'கள்ளர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். பிற்பாடு அரசு நடத்திய 'கள்ளர் சீரமைப்பு' வேலைகளின் ஆங்கிலப் பெயரான 'கள்ளர் ரிக்ளமேஷன்' என்பதைப் போடுங்கள். பழைய சம்பவங்களைத் திரும்பிப் பார்க்கும் குறிப்புகள் அந்தக் கோப்புகளில் வரக்கூடும். செத்தவர்களைத் தேடுவதற்குச் சுட்டவர்களின் சொற்களைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கும் இது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கதவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அடுத்தது எழுத்து. 'மதுரை' என்று இன்று எழுதும் ஆங்கில எழுத்துகளோடு தேடினால் வெள்ளைக்காரர் காலத்துக் கோப்புகளில் பெரும்பகுதி உங்கள் கண்ணில் படாது. அவர்களுக்கு அது 'மதுரா'. திருநெல்வேலி 'டின்னவெல்லி', திருச்சி 'டிரிச்சினாப்பொலி', இராமநாதபுரம் 'ராம்நாட்'. இன்னும் பின்னால் போய், 18ஆம் நூற்றாண்டுக் கம்பெனி ஆவணங்களைத் தேடுகிறவர்களுக்குக் கள்ளர் 'கல்லரீஸ்' ஆவார்கள், பாளையக்காரர் 'பொலிகார்' ஆவார்கள். ஊர்ப் பெயர்கள் விஷயத்தில் ஒரு குமாஸ்தா எழுதியதுபோல் இன்னொருவர் எழுதமாட்டார். 'நல்லூர்' என்பதன் கடைசி ஊகாரத்துக்கு ஒருவர் ஒரு 'யூ' போட்டிருப்பார், ஒருவர் இரண்டு 'ஓ' போட்டிருப்பார். ஆகவே 'பெருங்' என்ற முற்பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, அதை ஒட்டி நட்சத்திரக் குறி இடுங்கள். பல தளங்களில் அந்தக் குறி 'இதற்குப் பின் எது வந்தாலும் சரி' என்று பொருள்படும். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். எல்லாத் தளமும் இந்தக் குறிகளை ஏற்பதில்லை. அதனால் ஒரு தளத்தில் நுழைந்ததும் அதன் தேடல் உதவிப் பக்கத்தை முதலில் வாசியுங்கள். சலிப்பான வாசிப்புதான். இருந்தாலும் ஒரு மாதத்து வீண் உழைப்பை அது மிச்சப்படுத்தும்.

ஆண்டு வரம்பை 1920 என்று மட்டும் குறுக்காதீர்கள். ஜில்லாவிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து டில்லிக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் கடிதம் போய்த் திரும்ப எத்தனையோ மாதங்கள் ஆகும். கோப்பு திறந்த தேதிதான் பட்டியலில் இருக்கும். 1919இல் தொடங்கி 1923 வரை வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்ததையே பார்க்க வேண்டுமானால் 1911இலிருந்து, இங்கே அது ஒழிந்த 1947 வரை போக வேண்டும்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது. பொருத்தமான ஒரே ஒரு கோப்பு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அத்துடன் தேடலை முடித்துவிடாதீர்கள். அதன் குறிப்பு எண்ணைப் பாருங்கள். எந்தத் துறை, எந்தக் கிளை, எந்த வரிசை என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். அதே துறையில், அதே ஆண்டில், அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். தேடல் பெட்டி காட்டாத கோப்புகள் அங்கே வரிசையாக நிற்கும். 'மதுரா ஜில்லா – போலீஸ் – கூடுதல் படை – செலவு' என்பது போன்ற ஒரு தலைப்பை உங்கள் தேடல் சொல் எதுவும் பிடிக்காது. கண்ணால் படித்தால்தான் பிடிபடும். பெட்டியில் சொல்லைத் தட்டுவது தேடலின் கால் பங்குதான் என்று மாணவர்களிடம் நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எங்கெங்கே தேடுவது? மைய அரசின் கோப்புகளுக்கு டில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அதன் 'அபிலேக் படல்' தளத்தில் பட்டியலும், படமெடுத்த கோப்புகளும் இருக்கின்றன. லண்டனுக்குப் போன பிரதிகளுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். ஆனால் உங்கள் விஷயத்தின் வேர் சென்னை அரசாங்கத்தில் இருக்கிறது. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகாமல் ஆய்வேட்டை முடிக்க முடியாது. அங்கே கோப்பு கேட்க அரசாணை எண், துறை, தேதி மூன்றும் வேண்டும். வீட்டில் இருந்தபடியே அந்த மூன்றையும் சேகரித்துக்கொண்டு போவதற்குத்தான் இந்த இணையத் தேடல் முழுவதும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தளம், எந்தச் சொல், எந்த ஆண்டு வரம்பு, என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். கிடைக்காததையும் எழுதுங்கள்.

கேள்வி: என் பாட்டியின் தாத்தா பெரியாறு அணை கட்டும்போது வேலை செய்தவர் என்று குடும்பத்தில் சொல்வார்கள். 'முல்லைப் பெரியாறு', 'தேனி மாவட்டம்' என்றெல்லாம் போட்டுத் தேடினேன். இந்தக் காலத்துச் செய்திகள்தான் வருகின்றன. அவர் பெயர் எங்காவது கிடைக்குமா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: அம்மா, தேனி மாவட்டம் 1996இல் மதுரையிலிருந்து பிரிந்தது. அணை கட்டிய காலத்தில் கம்பம் மதுரா ஜில்லா, பெரியகுளம் தாலுகா. திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கைக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை. அந்த மாவட்டங்கள் 1985இல் வந்தவை. தேடும் ஆண்டில் உங்கள் ஊர் எந்த ஜில்லாவில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்று முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு உட்காருங்கள்.

அணையின் பெயரும் அப்படித்தான். அன்றைய பொறியாளர்கள் அதைப் 'பெரியார் பிராஜெக்ட்' என்றே குறித்தார்கள். அந்த இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில், மேற்கோள் குறிக்குள் போடுங்கள். 1886இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது, 1887இல் வேலை தொடங்கியது, 1895இல் தண்ணீர் வந்தது. ஆகவே 1882 முதல் 1898 வரை வரம்பு வையுங்கள். துறை, பொதுப்பணித்துறை, அதில் நீர்ப்பாசனக் கிளை. இரண்டு அரசுகள் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் சென்னையில் இல்லாதது திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம்.

தாத்தாவின் பெயருக்கு வருகிறேன். பட்டியலில் கிடைக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட என்னால் முடியாது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயர் தலைப்புகளில் வரும். மண் சுமந்தவர், கல் உடைத்தவர், காட்டுக் காய்ச்சலில் செத்தவர் பெயர்கள் தலைப்பில் வருவதில்லை. அது அந்த மனிதர்களுக்குச் செய்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர் வாழ்ந்த நாட்களைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 'கூலி', 'காய்ச்சல்', 'ஆஸ்பத்திரி', 'கான்ட்ராக்டர்', 'விபத்து', 'மனு' என்ற சொற்களின் ஆங்கில வடிவங்களை, அணையின் பெயரோடு சேர்த்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மலையில் எந்த மாதம் வேலை நின்றது, காய்ச்சல் எப்போது வந்தது, என்ன கூலி கொடுத்தார்கள் என்று தெரிந்தால் பாட்டி சொன்ன கதையில் எது எந்த வருடம் நடந்தது என்று பொருத்திவிடலாம். பாட்டியோ, பாட்டியின் உடன்பிறந்தவர்களோ இருந்தால், அவரைக் கூட்டிப்போன மேஸ்திரி யார், எந்த ஊர் என்று உடனே கேட்டு எழுதுங்கள். கான்ட்ராக்டர் பெயர் கோப்பில் வரும். இந்த இரண்டு நுனியும் சேர்ந்தால் பெரிய விஷயம்.

கேள்வி: மதுரையில் அமெரிக்க மிஷன் நடத்திய பெண்கள் பள்ளியில் என் கொள்ளுப்பாட்டி படித்தார். எங்கே தேடுவது?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: நம் மண்ணின் அந்தக் காகிதங்கள் கடல் கடந்து இருக்கின்றன. 1834இல் மதுரைக்கு வந்த அந்த மிஷனின் தலைமை அமைப்பான அமெரிக்கன் போர்டின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. அங்கே பள்ளியின் பெயரைத் தட்டாமல், 'மதுரா மிஷன்' என்ற பகுதிக்கான விளக்கப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாக வாசியுங்கள். கடிதங்கள் எழுதியவர் பெயராலும் ஆண்டாலும் அடுக்கப்பட்டிருக்கும்; எனவே பாட்டி படித்த ஆண்டுகளில் பள்ளியை நடத்திய அம்மையார் யார் என்று தெரிந்துகொள்வதுதான் சாவி.

அதே போர்டு பாஸ்டனிலிருந்து வெளியிட்ட 'மிஷனரி ஹெரால்டு' இதழின் பழைய தொகுதிகள் 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் இருக்கின்றன. அங்கே பக்கங்களுக்குள்ளேயே சொல் தேடலாம். அச்செழுத்தை இயந்திரம் படித்து வைத்திருப்பதால் பிழைகள் இருக்கும். 'மதுரா', 'பசுமலை', 'திருமங்கலம்' என்று பல சொற்களாலும் தேடுங்கள். பள்ளியின் இன்றைய அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். ஹார்வர்டுக்கு மின்னஞ்சல் எழுதும்போது, விளக்கப் பட்டியலில் கண்ட குறிப்பு எண்ணையும் ஆண்டையும் முதல் வரியிலேயே கொடுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்; இதே பள்ளியைப் பற்றிக் கேட்டு மேலூரிலிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது.