கணவன் மனைவி உறவு எப்படி என்பதைப் பொறுத்து கிராமங்களில் கருத்தடை முறை மாறுமா?

நிச்சயம் மாறும். வங்கதேசத்தின் மத்லப் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் தாண்டவே கணவரிடமும் மாமியாரிடமும் கேட்க வேண்டிய பெண், பிள்ளை போதும் என்று நினைத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. 1977-இல் அங்கே உள்ளூர்ப் பெண் பணியாளர்களே வீடு தேடி வந்து மாத்திரை, ஆணுறை, ஊசி கொடுத்தார்கள். பிள்ளைப்பேறு பக்கத்துப் பகுதியைவிடச் சீக்கிரம் குறைந்தது. இதில் ஊசிதான் சுவாரசியம். ஆணுறைக்குக் கணவர் சம்மதிக்க வேண்டும். மாத்திரை அட்டை யார் கையிலாவது சிக்கிவிடும். மூன்று மாத ஊசி யார் கண்ணிலும் படாது (தீட்டு தள்ளிப்போனால் மட்டும் கேள்வி வரும்).

மனம்விட்டுப் பேசும் தம்பதிக்கு இந்த ஒளிவுமறைவு வேண்டாம். ஆனாலும் ஆபரேஷன் என்றால் படுப்பது பெரும்பாலும் மனைவிதான். இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்களில் 37.9% பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3% தான்.