இரு தரப்புக்கும் சிவப்புக் கோட்டு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சியைச் சித்திரக்கதையாக வரைந்து காட்சிக்கூடத்தில் வைக்கப்போகிறோம். இந்தியச் சிப்பாய்களுக்கும் ஆங்கிலேயருக்கும் ஒரே சிவப்புக் கோட்டு. பார்ப்பவருக்கு யார் எந்தப் பக்கம் என்று எப்படிப் புரியவைப்பது?
– ஓவிய ஆசிரியர், வேலூர்

பதில்: நிறத்தை விட்டுவிட்டுத் தலையையும் காலையும் பிடியுங்கள். சிப்பாய்க்குத் தலைப்பாகை, செருப்பு. ஆங்கிலேயருக்குத் தொப்பி, பூட்ஸ். உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். அப்போதும் ஆள் அடையாளம் தெரிந்தால்தான் வரைவு சரி. தோல் குஞ்சம் வைத்து, ஐரோப்பியத் தொப்பி போலத் தோன்றிய புதிய தலைப்பாகைதான் கொந்தளிப்புக்கு முக்கியக் காரணம். அதனால் அதற்கென்றே நெருக்கக் காட்சியாக ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

ஜூலை 10 விடியுமுன் தாக்குதல் தொடங்கியபோது ஐரோப்பியப் படைவீரர்கள் பலர் பாசறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெள்ளை உள்சட்டையோடு வரையலாம். உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வருவதைக் காட்டும்போது குதிரைகளே போதும், குழப்பம் வராது.

பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு. கோட்டையை இன்றைய புகைப்படம் பார்த்து வரைந்தால் உள்ளே இருக்கும் தேவாலயமும் வந்து விழும். அது 1846-இல் கட்டியது. ஜலகண்டேஸ்வரர் கோபுரம் இருக்கலாம். அடுத்தது துப்பாக்கி. அது குழல்வாயில் மருந்தும் குண்டும் போட்டுத் திணிக்கும் பழைய ரகம், சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிப்பது. கொழுப்புத் தோட்டா 1857 சிப்பாய்ப் புரட்சியின் கதை, இங்கே நுழைக்காதீர்கள். கரிமருந்து கிளப்பும் அடர்ந்த வெண்புகையைத் தாராளமாக வரையுங்கள். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் ரத்தத்தை அந்தப் புகையே மறைத்துவிடும்.

கேள்வி: 6 அடிக்கு 4 அடி பலகை. என்ன அளவில் வரைய வேண்டும்? எழுத்து எவ்வளவு பெரிது?
– கல்லூரி மாணவி, ராணிப்பேட்டை

பதில்: கணினியில் பாதி அளவில், அதாவது 36 அங்குலத்துக்கு 24 அங்குலத்தில், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை படப்புள்ளி என்ற கணக்கு) வைத்து வரையுங்கள். அச்சில் இரட்டிப்பாக்கினால் 150 டிபிஐ நிற்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது தாராளம். ஓரங்களில் வெட்டுக்காக 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள்.

வசன எழுத்து அச்சில் 30 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். நம் எழுத்தில் மேலே கொக்கி, கீழே சுழி இரண்டும் உண்டு என்பதால் வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.4 மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் 'கீ'யின் கொக்கி மேல்வரி 'கூ'வின் வாலில் முட்டும். ஒரு பேச்சுக் குமிழில் 12 சொல்லைத் தாண்டாதீர்கள். முதலில் வசனத்தை அடுக்கிவிட்டு அதைச் சுற்றிக் குமிழை வரையுங்கள். குமிழை முதலில் வரைபவர்கள் கடைசியில் நீண்ட சொல்லை இரண்டாக ஒடிப்பார்கள், படிக்க எரிச்சலாக இருக்கும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை வளைகோடுகளாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றிவிடுங்கள். அவர்களிடம் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் 'கொ' உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். திருத்தம் வந்தால் தேவைப்படும், மாற்றாத கோப்பையும் வைத்திருங்கள். மேலுறை மேட் ரகமாக இருக்கட்டும். பளபளப்பு உறையில் விளக்கொளி அடித்து, நடுக்கட்டம் எதுவும் தெரியாது.

கேள்வி: சிப்பாய்கள் என்ன பேசினார்கள் என்று எங்கே பார்ப்பது?
– வாசகர், ஆற்காடு

பதில்: நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரிகளின் கடிதங்களும் விசாரணைப் பதிவுகளும்தான். ஆகவே பெயர் தெரிந்தவர் வாயில் கற்பனை வசனம் வைக்காதீர்கள். பெயரில்லாத சிப்பாய் ஒருவரைப் பேசவிட்டு, பலகையின் அடியில் 'உரையாடல் கற்பனை' என்று ஒரு வரி போடுங்கள். பதிவில் உள்ள வாசகமென்றால் குமிழ் வேண்டாம், சதுரக் கட்டத்துக்குள் எழுதுங்கள்.