காது எதற்காகக் காத்திருக்கிறது?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 57, என் மகனுக்கு 19. அவன் கேட்கும் பாட்டுகளில் மெட்டு என்று ஒன்றும் இல்லை, சொற்களும் பிடிபடுவதில்லை. ஒரே தாளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க, அதன்மேல் ஒருவர் பேசிக்கொண்டே போகிறார். ஒருநாள் பொறுக்காமல், “இதெல்லாம் இசையே இல்லை” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன் வீட்டில் கைபேசியில் பாட்டு வைப்பதில்லை, காதில் மாட்டிக்கொள்கிறான். ரசனை மாறும் என்பது தெரியும். ஆனால் மாறுவது வேறு, தாழ்வது வேறு அல்லவா? எதைத்தான் இசை என்பது?

கே.

அன்புள்ள கே.,

மகனுடைய பாட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அது இசையே இல்லை என்பது தீர்ப்பு. தீர்ப்பு சொல்பவர் வழக்கை முழுதாகக் கேட்டாரா என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கு பழையது. 1600-இல் வெனிஸில் அச்சான ஒரு நூலில், ஆர்ட்டூசி என்ற இசையிலக்கண அறிஞர் தன்னைவிட ஏறத்தாழ 27 வயது இளையவரான மான்டெவெர்டி என்ற இசையமைப்பாளரின் பாடல்களை, பெயரைக் குறிப்பிடாமலேயே, பகுதி பகுதியாக எடுத்துவைத்துக் கண்டித்தார். ஒன்றோடொன்று இசையாத சுரங்களை விதிப்படி பக்குவப்படுத்தாமல் கொண்டுவந்து நிறுத்துகிறார், அது காதைப் புண்படுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. ஆர்ட்டூசியை மூடர் என்று தள்ளிவிட முடியாது; அவர் சுட்டியவை அவர் கற்ற இலக்கணத்தின்படி மெய்யான விதிமீறல்கள்தாம். 1605-இல் அப்பாடல்களை வெளியிட்ட மான்டெவெர்டியும், தான் விதியை மீறவில்லை என்று வாதிடவில்லை. தான் மனம்போன போக்கில் எழுதவில்லை, இது வேறொரு நடைமுறை என்றார். பாட்டின் சொல்லுக்குரிய உணர்ச்சிக்குச் சுரம் கட்டுப்பட வேண்டும் என்பது அந்த நடைமுறையின் சாரம். ஆக ஒருவர் சுரங்களின் இணக்கத்துக்காகக் காத்திருந்தார், மற்றவர் சொல் நெஞ்சைத் தைக்கும் இடத்துக்காக. காத்திருந்தது வராதபோது முன்னவருக்கு அது பிழையாகப்பட்டது.

நீங்கள் காத்திருப்பது மெட்டுக்காக. மெட்டு எங்கே ஏறும், எங்கே திரும்பும், பல்லவிக்கு எப்போது வந்து சேரும் என்று உங்கள் காது முன்கூட்டியே போய் நிற்கிறது. மகனுடைய பாட்டில் அந்த இடத்தில் யாரும் வருவதில்லை. அங்கே வேலை நடப்பது தாளத்தின் உள்ளடுக்குகளிலும் ஒலியின் நிறத்திலும்தான். ஒரே தாளம் திரும்புகிறது என்கிறீர்கள். திரும்புவதுதான் அதன் கட்டுமானம். 1973 வாக்கில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர், ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, பாட்டு அடங்கி முரசு மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஆட வந்தவர்கள் அந்தச் சில நொடிகளுக்காகவே காத்திருப்பதை அவர் கவனித்திருந்தார். தாளத்தின்மேல் பேசிக்கொண்டே போகும் ஹிப்-ஹாப் இசை அங்கிருந்து வளர்ந்தது. மெட்டைத் தேடுபவருக்கு அது இடைவெளி. ஆடுபவருக்கு அதுதான் பாட்டு.

இன்னொன்று, சற்று அற்பமானது போலத் தோன்றினாலும் சொல்லிவிடுகிறேன். மகனுடைய பாட்டுகளை நீங்கள் அவனுடைய கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில், அதுவும் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அவ்வளவு சிறிய ஒலிபெருக்கியால் சில நூறு ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) கீழுள்ள கனத்த ஒலியைச் சரிவர எழுப்ப முடியாது. இவ்வகைப் பாட்டுகளைத் தாங்கும் அடித்தள ஒலியோ 40, 50 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். என் சகோதரியின் மகள் ஒருமுறை தன் ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டபோதுதான் எனக்கு இது உறைத்தது. அதுவரை நான் ‘டிக் டிக்’ என்ற உலோகச் சத்தத்தையும் பேச்சையும் மட்டுமே கேட்டு, நீங்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே கனத்த ஓர் ஒலி நடந்துகொண்டிருந்தது; நடுவில் அது சட்டென்று நின்றது. அவள் என்னைப் பார்த்து விரலை உயர்த்திக் காத்திருந்தாள். அது திரும்பி வந்து விழுந்த கணத்தில் விரலை இறக்கினாள். எனக்கு அந்தப் பாட்டு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு சமம், அதாவது தாளச் சுற்று தொடங்கும் அடி, இருக்கிறது; அது எங்கே விழுகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

தரம் தாழ்ந்துவிட்டதா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்வேன். உங்கள் இளமைக்காலத்துப் பாட்டுகளில் பதர் எல்லாம் பறந்துபோய் நெல் மட்டும் உங்களிடம் மிஞ்சியிருக்கிறது. மகனுடையது இன்னும் புடைக்கப்படவில்லை. தவிர, ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு ஏறக்குறைய 23.5 வயதானபோது புகழ்பெற்றிருந்த பாட்டுகளையே மக்கள் பொதுவாக மிகவும் விரும்புவதாகத் தெரிந்தது. பிந்தைய ஆய்வுகளில் அந்த வயது முன்பின்னாக நகர்ந்திருக்கிறது என்றாலும், இளமையின் பிடி தளரவில்லை. உங்கள் மகனும் தப்பமாட்டார்.

இதனால் எல்லாம் ஒன்றே, எதையும் குறை சொல்லக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சமாதானத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அவர் கேட்பவற்றிலும் சோம்பலாகச் செய்யப்பட்டவை ஏராளம் இருக்கும். எது தேறும், எது தேறாது என்று அவரும் அவருடைய நண்பர்களும் உங்களைவிடக் கடுமையாகச் சண்டையிடுவார்கள். இசை என்ற சொல்லே ‘இசைதல்’, அதாவது இணங்குதல் என்பதோடு உறவுடையது. எது எதோடு இணங்க வேண்டும் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. அதேபோல், உங்கள் பாட்டுகளைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் பாதி கேட்டுச் சொன்ன தீர்ப்புதான். நீண்டு செல்லும் ஒரு மெட்டில் எங்கே காத்திருப்பது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

எனவே மன்னிப்புக் கேட்பதைவிட அவருடைய ஹெட்ஃபோனைக் கேளுங்கள். எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் விசாரியுங்கள். முதல் தடவை உங்களுக்கு ஒன்றும் தட்டுப்படாது. இரண்டாம் தடவையும் வைக்கச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம், இந்தமுறை எந்த இடத்தில் என்று அவர் திருப்பிக் கேட்பார்.

அன்புடன்.