கேளுங்க சொல்றேன்: சோலார் வேலைக்கு என்ன படிக்கணும்?

கே: பையன் பத்தாவது பாஸ், பன்னெண்டாவதுல ரெண்டு பாடம் போயிடுச்சு. 3 மாச சோலார் கோர்ஸ், 45 ஆயிரம் கட்டினா வேலை கேரண்டின்னு ஒரு இடத்துல சொல்றாங்க. நகையை வெச்சுக் கட்டிடலாமா? (ஒரு அம்மா, வியாசர்பாடி)

அம்மா, நகையை வெக்காதீங்க, மத்ததெல்லாம் அப்புறம். எந்த கம்பெனி, எவ்ளோ சம்பளம்னு எழுதிக் குடுங்கன்னு அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அங்கயே பேச்சு மாறிடும். பத்தாவது பாஸ் இருந்தாலே ஐடிஐல சேரலாம். சோலார் டெக்னீசியன்னு 1 வருஷ ட்ரேடே (தொழிற்பிரிவே) இருக்கு, எலக்ட்ரீஷியன் 2 வருஷம். என்னைக் கேட்டா எலக்ட்ரீஷியன்ல போடுங்கம்மா, நாளைக்கு சோலார் வேலை கம்மியானாலும் வயரிங், மோட்டார்னு கையில தொழில் நிக்கும். அரசு ஐடிஐல பயிற்சிக்கு பீஸ் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை வரும், அரசுப் பள்ளியில படிச்ச பையன்னா தமிழ்ப் புதல்வன் 1000 ரூபாயும் கேட்டு வாங்குங்க. கிண்டி, அம்பத்தூர், வடசென்னைன்னு கிட்டயே இருக்கு, எந்த ட்ரேட் எங்க இருக்குன்னு நேர்ல போய் கேட்டுட்டு பார்ம் போடுங்க. அது முடிச்சப்புறம் சூர்யமித்ரான்னு 2015ல மத்திய அரசு ஆரம்பிச்ச பயிற்சி இருக்கு, 600 மணி நேரம், கிட்டத்தட்ட 3 மாசம், இலவசம். அதுக்கு எலக்ட்ரீஷியன், வயர்மேன் மாதிரி ஐடிஐ படிச்ச பசங்களைத்தான் முதல்ல எடுப்பாங்க, அதனாலதான் இந்த வரிசையில சொல்றேன்.

கே: 12 வருஷமா வீட்டு வயரிங் பண்றேன். இப்ப எல்லாரும் மாடியில சோலார் போடச் சொல்றாங்க. தனியா கத்துக்கணுமா, பாத்தே பண்ணிடலாமா? (எலக்ட்ரீஷியன், பெரம்பூர்)

கண்டிப்பா கத்துக்கணும் அண்ணே. 2024 பிப்ரவரியில பிஎம் சூர்ய கர்னு வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசோட மானியத் திட்டம் வந்ததுல இருந்து 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு ஜனங்க கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, வேலை இருக்கு, ஆனா நீங்க 12 வருஷம் பழகினது ஏசி கரண்ட், அதாவது திசை மாறி மாறி ஓடுற வீட்டுக் கரண்ட். மெயினை ஆஃப் பண்ணா கரண்ட் நின்னுடும்னு உங்க கைக்குப் பழக்கம். பேனலுக்கு மெயின் சூரியன், அதை யார் ஆஃப் பண்றது? 3 கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் 6 போடுறீங்கன்னு வைங்க, ஒண்ணு கிட்டத்தட்ட 50 வோல்ட், வரிசையா கோத்தா 300 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட், வெயில் இருக்கிற வரைக்கும் அந்த ஒயர் முனையில அது நின்னுக்கிட்டேதான் இருக்கும். ஏசி நொடிக்கு 100 தடவை ஜீரோவைத் தொட்டுட்டு வர்றதால ஸ்பார்க் அடிச்சாலும் அணையும், டிசிக்கு அந்த ஜீரோவே கிடையாது, தீ விடாம இழுத்துக்கிட்டே இருக்கும். போன வருஷம் எங்க பக்கத்து மாடியில ஒரு பையன் இன்வெர்ட்டர் (டிசியை வீட்டு ஏசியா மாத்துற பெட்டி) ஓடும்போதே, பேனல் ஒயரை இணைக்கிற எம்சி4 கனெக்டரை உருவிட்டான், விரல் ரெண்டும் வெந்துபோச்சு, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலைங்கிறதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. முதல்ல இன்வெர்ட்டரை நிறுத்தணும், அப்புறம் டிசி ஐசொலேட்டர்ங்கிற சுவிட்சை ஆஃப் பண்ணணும், அதுக்கப்புறம்தான் கனெக்டர்ல கை வைக்கணும். எம்சி4 முனையை ஒயரோட அழுத்திப் பிடிக்க வைக்க அதுக்குன்னு இருக்கிற க்ரிம்ப்பிங் டூல்தான், கட்டிங் ப்ளேயரால நசுக்கினா ஆறு மாசத்துல சூடாகி உருகும். மாடி ஓரத்துல பெல்ட் போடாம நிக்காதீங்க.

இன்னொண்ணு, நம்மூர் விஷயம். பேனல் தெற்கு பாத்து, சாய்வு 13 டிகிரி ஒட்டி. தண்ணி டேங்க் நிழல் ஒரு பேனல்ல விழுந்தாலும் அந்த வரிசையே அடி வாங்கும், அதனால காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை மாடியில நின்னு நிழலைப் பாருங்க. வர்தா புயல் அடிச்ச ஊரு இது, கடல் காத்து வேற, ஸ்டாண்டு துருப்பிடிக்காம கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) பண்ணதா இருக்கணும், ஸ்டாண்டோட காலை சும்மா செங்கல்லு வெச்சு நிறுத்தக் கூடாது.

கே: பொண்ணு டிப்ளமோ மெக்கானிக்கல். காத்தாலை வேலைக்கு அனுப்பலாமா? (மேடவாக்கம்)

அவளுக்கு ஆசைன்னா தாராளமா. உங்க வீட்டுப் பக்கத்துலயே பள்ளிக்கரணையில தேசிய காற்று சக்தி நிறுவனம் இருக்கே, அங்க என்னென்ன பயிற்சி நடக்குதுன்னு அவளையே போய் விசாரிக்கச் சொல்லுங்க. டவர் 80, 100 மீட்டர் இருக்கும், உயரத்துல வேலை செய்ய ஜிடபிள்யூஓன்னு காத்தாலை கம்பெனிகளோட உலக அமைப்பு வகுத்த சேஃப்டி சர்டிபிகேட் நிறைய கம்பெனி கேப்பாங்க, 2 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்.

கே: சமுதாயக் கல்லூரியில பாடம் எடுக்கிறேன். அமெரிக்காவுல இந்த மாதிரி கல்லூரியிலயே விண்ட், சோலார் சொல்லித் தராங்களாம். நம்மளால முடியுமா? (ஆசிரியை, சைதாப்பேட்டை)

முடியும் டீச்சர். அயோவா லேக்ஸ்னு ஒரு சமுதாயக் கல்லூரி, 2004லயே காத்தாலை படிப்பு ஆரம்பிச்சு, பசங்க பழகுறதுக்கு சொந்தமா ஒரு காத்தாலையே வெச்சிருக்காங்க. நமக்கு அவ்ளோ வேணாம், படிப்பை நடுவுல விட்ட பசங்களுக்குத் தொழில் சொல்லித் தரணும்னு 1996லயே மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி ஆரம்பிச்ச ஊரு இது. ரெண்டு பழைய பேனல், ஒரு சின்ன இன்வெர்ட்டர், மல்டிமீட்டர், க்ரிம்ப்பிங் டூல், சேஃப்டி பெல்ட், அப்புறம் மாடி. வேலைக்குப் போற பசங்களும் வர்ற மாதிரி சாயங்காலம் 4 மணிக்கு வைங்க, அந்த நேரம் இன்னும் வெயில் இருக்கும், மீட்டர்ல வோல்ட் காட்டும். இதே பக்கத்துல மேல ஒருத்தர் பெரம்பூர்ல இருந்து எழுதியிருக்காரே, அந்த மாதிரி 12 வருஷ அனுபவம் இருக்கிறவரை வாரம் ஒரு நாள் கூப்பிடுங்க, வயரிங்கை அவரு பசங்களுக்குக் காட்டட்டும், டிசியை அவரும் அங்கயே பழகிக்கட்டும்.