டீஃபிப் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர்) மக்கர் செய்கிறதா? வார்டு கேள்விகளுக்கு பயோமெடிக்கல் பதில்கள்

ஐ.சி.யூ. நர்ஸ்: சார், நோயாளிக்கு வி.எஃப். (இதயக் கீழறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடிப்பது). டீஃபிப்பில் சார்ஜ் ஏறியது, பட்டனை அழுத்தினோம், ஷாக் போகவில்லை. மெஷின் போய்விட்டதா?

முதலில் சிங்க் (ஷாக்கை இதயத் துடிப்போடு பொருத்திக் கொடுக்கும் வசதி) விளக்கு எரிகிறதா என்று பாருங்கள் சிஸ்டர். எனக்கு வரும் "ஷாக் போகவில்லை" புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். சிங்க் போட்டிருந்தால் மெஷின் ஆர் அலைக்காக (ஈ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்பிலும் எழும் கூர்முனை) காத்திருக்கும். வி.எஃப்.பில் ஆர் அலையே கிடையாது, அதனால் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஷாக் வராது. சிங்க்கை அணைத்துவிட்டு உடனே கொடுங்கள். ஷாக் கொடுத்ததும் சில மாடல்கள் தானாகவே சிங்க்கை விட்டுவிடும், சில அதிலேயே நிற்கும். உங்கள் வார்டு மெஷின் எந்த ரகம் என்று இன்றைக்கே பார்த்து, அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

கார்டியோவெர்ஷனில் (துடிப்பு இருக்கும்போதே சிங்க் போட்டு ஷாக் கொடுத்துத் தாளத்தைச் சரிசெய்வது) கதை வேறு. திரையில் ஒவ்வொரு ஆர் அலை மேலும் சின்ன அடையாளம் விழ வேண்டும். விழாவிட்டால் லீடை (ஈ.சி.ஜி. பார்க்கும் கோணம்) மாற்றுங்கள். ஷாக் போகும்வரை பட்டனிலிருந்து கையை எடுக்கக் கூடாது.

இன்னொன்று: சார்ஜ் ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டே நின்றால், மாடலைப் பொறுத்து அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ மெஷின் அதை உள்ளுக்குள்ளேயே இறக்கிவிடும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு.

எமர்ஜென்சி டெக்னீஷியன்: எப்போதும் பிளக்கில்தான் இருக்கிறது. ஆனாலும் நோயாளியோடு நகர்த்தினால் 'பேட்டரி லோ' வருகிறதே?

பிளக் சொருகியிருப்பது வேறு, சார்ஜ் ஏறுவது வேறு தம்பி. மெஷின் முகப்பில் சார்ஜிங் விளக்கு எரிகிறதா? சுவரில் சுவிட்ச் அணைந்திருக்கும், அல்லது பின்பக்க கேபிள் தளர்ந்திருக்கும். இரண்டும் சரியென்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்றச் சொல்லுங்கள்.

நர்சிங் சூப்பர்வைசர்: தினசரி டெஸ்ட்டுக்கு இரண்டு பேடில்களையும் (ஷாக் கொடுக்க மார்பில் அழுத்தும் உலோகத் தகடுகள்) ஒட்டவைத்து ஷாக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது மேடம். காற்றிலும் கொடுக்கக் கூடாது. பேடில்களை அதன் தொட்டிலிலேயே அழுத்தி வைத்து, மேனுவலில் சொன்ன ஜூலில் (ஷாக்கின் ஆற்றல் அளவு, பல மாடல்களில் 30) டெஸ்ட் செய்யுங்கள். நோயாளியின் மார்புக்குப் பதிலாக 50 ஓம் லோடு (மின்தடை) உள்ளே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்தால் பேட்டரியின் லட்சணமும் தெரிந்துவிடும். முடிந்ததும் மறக்காமல் சொருகுங்கள். டெஸ்ட் தோற்றால் பேடிலைத் திருப்பிப் பாருங்கள். நேற்றைய ஜெல் வெள்ளையாகக் காய்ந்து உலோகத்தை மூடியிருக்கலாம். துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்போதும் தோற்றால் அந்த மெஷினை வார்டில் வைக்காதீர்கள்.

வார்டு நர்ஸ்: ஸ்கேன் ஜெல் தடவலாமா?

வேண்டாம் சிஸ்டர். அதில் மின்சாரம் சரியாகக் கடக்காது, தோல் வெந்துவிடும். டீஃபிப்புக்கென்று இருக்கும் ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள். ஆனால் இரண்டு பேடிலுக்கும் நடுவே மார்பில் ஜெல் வழிந்து இணையக் கூடாது. மின்சாரம் இதயத்துக்குப் போகாமல் மேலோடு ஓடிவிடும்.

பயிற்சி மருத்துவர்: நோயாளி பேசுகிறார், திரையில் நேர்கோடு!

லீட் தேர்வு 'பேடில்' என்று இருக்கும், நீங்கள் மார்பில் ஒட்டியிருப்பதோ ஈ.சி.ஜி. ஸ்டிக்கர். 'லீட் 2'க்கு மாற்றுங்கள். சரியாகாவிட்டால் கேபிளையும் ஸ்டிக்கர் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வார்டு நர்ஸ்: பேப்பர் ஓடுகிறது, ஒன்றும் பதியவில்லை.

ரோலைத் திருப்பிப் போடுங்கள். நகத்தால் கீறினால் கறுக்கும் பக்கம்தான் பதியும் பக்கம்.

பயோமெடிக்கல் மாணவர்: வார்டிலேயே கழற்றிப் பார்க்கலாமா சார்?

தொடாதே தம்பி. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் (ஷாக்குக்கான சார்ஜைச் சேமிக்கும் பாகம்) ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வா. சார்ஜை முறைப்படி இறக்கி, அனலைசரில் (ஷாக்கை அளக்கும் கருவி) போட்டு, செட் செய்த ஜூல் வெளியே வருகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.