அத்தையின் கட்டில் எங்கே போகும்?

கேள்வி: மொட்டை மாடியில் போடும் கொத்தமல்லியும் புதினாவும் வெயிலில் கருகிவிடுகின்றன. கூடத்தில் தெருவைப் பார்த்த மேற்கு ஜன்னலை வெளியே தள்ளி, கண்ணாடிப் பெட்டி போலப் பசுமைக்குடில் ஜன்னல் வைக்க ஆசை. அங்கே மாமியாரின் கட்டில் கிடக்கிறது. அதைப் பின்னறைக்கு மாற்றிவிடலாம். சமையலறையில் கிழக்கே 3 அடி ஜன்னல் உண்டு, ஆனால் தெருவுக்குத் தெரியாது. என்ன கண்ணாடி போடலாம்?
– வாசகி, தர்மபுரி

பதில்: கண்ணாடி இருக்கட்டும். கட்டிலை மாற்றுவது பற்றி அத்தையிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்டிலை "அதை" என்கிறீர்கள். இடம் மாறப்போவது ஒரு மனுஷி. ஸ்கூல் வேன் வந்ததா, பூக்காரி போய்விட்டாளா என்று பார்ப்பதும், போகிற வருகிறவர்களிடம் கம்பி வழியே இரண்டு வார்த்தை பேசுவதும் அவருக்கு அந்த ஜன்னலில்தான். பின்னறைக்கு யார் போய்ப் பேசுவார்கள்? கேட்டால், "எனக்கென்ன, எங்க போட்டாலும் படுத்துக்குவேன்" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு கட்டுக் கொத்தமல்லிக்காக வீட்டுப் பெரியவரைப் பின்பக்கம் தள்ளுவதற்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

செடிக்கும் அந்த ஜன்னல் ஆகாது. இந்தப் பெட்டி, குளிர் நாட்டில் வெப்பத்தைப் பிடித்து வைக்க வந்தது. உள்ளே வந்த வெயில் மண்ணைச் சுட வைக்கும். சுட்ட காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கும். நம் ஊர் ஏப்ரலில், மேற்கு வெயிலில், மூடிய பெட்டிக்குள் மல்லி ஒரே மதியத்தில் வெந்துவிடும். ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் குடில்களைப் பாருங்கள், மேலே காற்றுப்போக்கி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள்.

சமையலறை ஜன்னலில் வையுங்கள். காலை வெயில் போதும். பெட்டியை ஒன்றேகால் அடிக்கு மேல் வெளியே தள்ளாமல், சன்ஷேடுக்குள் அடங்கும்படி வைத்தால் உச்சிவெயில் மேலே விழாது. கூரையைச் சரிவாக, கீல் போட்டுத் திறக்கிற மாதிரி வையுங்கள். அடியில் 3 அங்குல இடைவெளி விட்டு, இரண்டு வாய்க்கும் பூச்சி வலை அடியுங்கள். கீழே குளிர்ந்த காற்று நுழைந்தால்தான் மேலே சூடு வெளியேறும்.

5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 3 அடிக்கு 3 அடி பெட்டிக்கு முகப்பு, இரு பக்கம், கூரை எல்லாம் சேர்த்துக் கண்ணாடி மட்டுமே 23 கிலோ தாண்டும். அதோடு ஆங்கிள் சட்டம், ஈர மண் தொட்டிகள். உள்ளே குழல் குழலாக ஓடும் 6 மி.மீ. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட் போட்டால் மொத்தம் 3 கிலோகூட வராது. வெயிலைத் தாங்கும் யு.வி. பூச்சுள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளித்து நொறுங்கும். உள்ளே ஓடும் குழல்கள் மேலிருந்து கீழாக நிற்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது; சுவரைத் துளைத்து, உட்புறம் தகடு வைத்து முறுக்கச் சொல்லுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஜன்னல் கதவில். நம் வீடுகளில் அது பெரும்பாலும் வெளிப்பக்கம் திறக்கும், பெட்டியில் இடிக்கும். கழற்றிவிட்டு ஸ்லைடிங் போடுங்கள். கம்பியை எடுத்துவிடாதீர்கள், திருட்டுப் பயம் உண்டு. ஒரு பக்கக் கம்பியைக் கீலும் பூட்டும் வைத்துத் திறக்கும்படி செய்தால்தான் தொட்டி உள்ளே போகும்.

தொட்டிக்கு அடியில் பலகை வேண்டாம், இரும்பு வலை. அதன்கீழ் சரிவான தட்டும் வடிகுழாயும். தண்ணீர் தேங்கினால் சுவர் ஓதம் காக்கும், டெங்குக் கொசு முட்டையிடும். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு சம அளவு. மல்லியை இரண்டாக உடைத்து ஊன்றுங்கள். பத்து நாளில் முளைக்கும், நாற்பது நாளில் கிள்ளலாம். தெருவுக்குத் தெரியாவிட்டால் என்ன? ரசம் கொதிக்கும்போது கை நீட்டினால் கிடைக்குமே!

கூடத்து ஜன்னலுக்கும் ஒரு வேலை இருக்கிறது. செடியைக் கருக்கும் அதே மேற்கு வெயில்தான் தினமும் அத்தையின் கட்டில்மேல் விழுகிறது. வெளியே, சன்ஷேடின் விளிம்பிலிருந்து சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி ஒன்று கட்டுங்கள். கயிற்றை அவர் கைக்கு எட்டும்படி உள்ளே விடுங்கள். மூன்று மணிக்கு இறக்கிக்கொள்வார், வெயில் தாழ்ந்ததும் ஏற்றிவிட்டுத் தெருவைப் பார்ப்பார்.